கண் மங்கியவர் காட்டிய கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று தடவை ஹாஸ்டல் ரூமுக்கு வந்துவிட்டார். மெக்கானிக்கல் பசங்க ஜேம்ஸ் வாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சிவில் பசங்களுக்கு விஸ்வேஸ்வரய்யா இருக்கிறார். எலெக்ட்ரிகலில் எடிசனும் டெஸ்லாவும் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். கமர்ஷியல் பிராக்டிஸ் படிக்கிற எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், அக்கவுண்டன்சி என்று படிப்பவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு மாமனிதர் கிடையாதா என்ற குறை எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அந்தக் குறை தீர்ந்த கதைதான் இது.

இறுதியாண்டு வந்துவிட்டது. அரியர் இல்லாமல் முடிப்பது ஒரு கவலை என்றால், முடித்த பிறகு என்ன என்பது பெரிய கவலை. இந்த நேரத்தில் நம் பாலிடெக்னிக்கில் படித்த சீனியர் அண்ணன் ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் இன்டர்னல் ஆடிட்டராக இருக்கிறார். தன் கம்பெனியில் ஆள் எடுக்கப் போகிறார்கள், விண்ணப்பம் போடு என்றார். டேலி தெரியும், டூவீலர் லைசென்ஸ் இருக்கிறது, ஊர் ஊராகச் சுற்றத் தயார் என்றேன். அதெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள், ஏழைக்குக் கடன் கொடுப்பது எங்கே தொடங்கியது, அதற்குக் கணக்குச் சோதனை ஏன் வந்தது என்று முதலில் படி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அப்படித் தேடிப் போனபோது நூலகத்தில் கிடைத்தவர்தான் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற ஜெர்மானியர்.

இந்த வேலை மேல் எனக்கு ஏன் ஆசை?

அவர் கதைக்குப் போகுமுன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா எங்கள் தெருப் பெண்களோடு குழுவில் சேர்ந்து கடன் வாங்கினார்கள், கறவை மாடு வாங்க. வாராவாரம் சென்டர் மீட்டிங்கில் டியூ கட்ட வேண்டும். வசூலுக்கு வரும் பையன் அம்மாவை அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவான். வெயிலில் வந்திருக்கிறானே என்று அம்மா மோர் கொடுப்பார்கள். ஒரு மாதம் மீட்டிங்கே நடத்தாமல் நேரே வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப் போனான். லோன் கார்டில் கையெழுத்தை அடுத்த வாரம் சேர்த்துப் போடுவதாகச் சொன்னான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை, அவனும் வரவில்லை. புதிதாக வந்தவர் நான்கு டியூ பாக்கி என்றார். ஒருத்தர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர் தலையில் விழும் அல்லவா? அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து அதே பணத்தை இரண்டாம் தடவை கட்டினார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து ஹெல்மெட்டும் கையுமாக ஒருவர் வந்தார். ஆடிட்டராம். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கார்டைத் தன் கையிலிருந்த தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தார். கையெழுத்து ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தார். கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா, அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்றார்கள் அம்மா. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எட்டு வீட்டில் எட்டுப் பேரும் தனித்தனியாக அதே நான்கு வாரத்தைச் சொன்னார்கள். அம்மாவின் பணம் வரவு வைக்கப்பட்டது, தோடும் திரும்பி வந்தது. அம்மா கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியைக் கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி ரைஃபைசனைப் பார்ப்போம்.

சோதித்துப் பார்க்கும் வேலை

1818 மார்ச் 30 அன்று, ஜெர்மனியில் சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாவது. தந்தை விவசாயி, சில காலம் அவ்வூர் மேயராகவும் இருந்தவர். அவர் நோயில் விழுந்ததும் குடும்ப பாரம் முழுக்கத் தாய் தலையில் ஏறியது. மேல்படிப்புக்கு அனுப்ப வசதி இல்லை. ஊர்ப் பள்ளிக்கு மேல் கற்றதெல்லாம் அங்கிருந்த பாதிரியார் சொல்லிக் கொடுத்ததுதான்.

17 வயதில் பிரஷ்யப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கே பயிற்சி பெற்று, சைன் என்ற ஊரின் இரும்பு வார்ப்பாலையில் படைக்காக வார்க்கும் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு வந்தார். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க! நீங்கள் இன்ஸ்பெக்ஷன் என்று படிக்கிறீர்களே, அதுதான் இவர் பார்த்த வேலை.

ஆனால் சோதிப்பவனுக்கு முதலில் வேண்டியது கண். அந்தக் கண்ணில்தான் நோய் வந்தது. 1843 இல் படையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அரசு அலுவலகத்தில் எழுத்து வேலைக்குப் போனார். இரண்டே ஆண்டில், 1845 இல், வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் வெயர்புஷ் என்ற இடத்துக்கு மேயராக நியமிக்கப்பட்டார். அப்போது வயது 26. அந்த மேயர் பதவி என்பது இருபதுக்கும் மேற்பட்ட ஏழைக் கிராமங்களின் பொறுப்பு.

பசிக்குக் கடன்

1846 இல் விளைச்சல் பொய்த்தது. ரை தானியமும் உருளைக்கிழங்கும் கைவிட்டன. குளிர்காலம் வந்ததும் பஞ்சம் வந்தது. அரசாங்கம் மாவு அனுப்பியது, ஆனால் ரொக்கம் கொடுத்தால்தான் தரலாம் என்று உத்தரவும் கூடவே வந்தது. காசு இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? இளம் மேயர் உத்தரவை மீறி, கையில் காசில்லாதவர்களுக்கும் கடனாக மாவு கொடுத்தார். ஊரில் வசதி உள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டி ரொட்டிச் சங்கம் ஒன்று அமைத்தார். தானியம் வாங்கி, பொது அடுப்பு கட்டி, ரொட்டி சுட்டு, வெளி விலையில் பாதி அளவுக்கே கொடுத்தார்கள். அதுவும் கடனாகத்தான். அறுவடைக்குப் பிறகு ஏழைகள் திருப்பிக் கட்டினார்கள்.

ஏழைக்குக் கொடுத்தால் திரும்பி வராது என்பது அன்றைக்கும் ஊர்ப் பேச்சு, இன்றைக்கும் ஊர்ப் பேச்சு. அது தப்பு என்று அந்த ரொட்டிக் கணக்கு காட்டிவிட்டது.

1848 இல் பக்கத்தில் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு மாற்றல். அங்கே வேறு ஒரு நோய் இருந்தது, மாட்டுக் கடன். விவசாயிக்கு வியாபாரி கடனில் மாடு கொடுப்பார். வட்டி ஏற ஏற மாடும் போகும், நிலமும் போகும். 1849 இல் ரைஃபைசன் உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வசதி உள்ள சுமார் 60 பேர் தங்கள் சொத்தையே பொறுப்பாகக் காட்டிப் பணம் வாங்கினார்கள். அதில் மாடு வாங்கி ஏழை விவசாயிக்கு ஐந்து வருடத் தவணையில் கொடுத்தார்கள். என் அம்மாவின் கறவை மாடு ஞாபகத்துக்கு வந்தது. 170 வருடத்துக்கு முன்னால் இன்னொரு தேசத்தில் இன்னொரு அம்மாவும் இதே மாட்டுக்குத்தான் தவணை கட்டியிருக்கிறாள்!

சிவில் நண்பர்களுக்கும் ஒரு செய்தி. விளைந்ததை விற்க வழி வேண்டும் என்று அந்த மலை ஊர்களை ரைன் நதியோரத்தோடு இணைக்கும் சாலைக்கும் இவர்தான் முன்நின்றார். அந்தப் பாதைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

தன் எண்ணத்தையே தணிக்கை செய்தவர்

1852 இல் நொய்வீட் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹெடஸ்டோர்ஃபுக்கு மேயராகப் போனார். 1854 இல் அங்கே ஒரு தர்ம சங்கம். ஆதரவில்லாத குழந்தைகளைக் கவனிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை, ஏழைகளுக்குக் கடன் என்று பெரிய திட்டம். தொடங்கியபோது நல்ல உற்சாகம். நாளாக ஆக, கொடுப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. தனக்கு எந்தப் பயனும் இல்லாத சங்கத்துக்குப் பொறுப்பு மட்டும் ஏற்க எத்தனை பேர் எத்தனை வருடம் வருவார்கள்?

ரைஃபைசன் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். பிறருக்குக் கொடுப்பதே சரி என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்தார். ஆனால் சங்கத்தின் கணக்கு வேறு சொன்னது. அவர் தன் நம்பிக்கைக்காகக் கணக்கைத் திருத்தவில்லை. கணக்கைப் பார்த்துத் தன் முறையைத் திருத்திக்கொண்டார்! 1864 இல் அந்தச் சங்கம் கடன் சங்கமாக மாறியது. கடன் வேண்டுபவர் உறுப்பினராகச் சேர வேண்டும், உறுப்பினர் எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு. கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்ற கோடு அதோடு அழிந்தது.

நாலு விதிகள்

அவர் வகுத்த விதிகளைப் படித்தபோது எங்கள் ஆடிட்டிங் பாடத்தின் இன்டர்னல் கன்ட்ரோல் அத்தியாயம் அப்படியே கண்முன் வந்தது.

ஒன்று, சங்கத்தின் எல்லை சின்னதாக இருக்க வேண்டும், ஒரு ஊர் அல்லது ஒரு திருச்சபை வட்டாரம். யாருக்கு எத்தனை மாடு, யார் குடிக்கிறார், யார் உழைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு, கடன் என்ன காரியத்துக்கு என்று சொல்ல வேண்டும், அந்தக் காரியத்துக்குத்தான் பயன்பட வேண்டும். ஜாமீனும் வேண்டும்.

மூன்று, கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கும் ஒரே ஆள் கணக்கர்தான். பணப்பெட்டி அவர் கையில், ஆனால் கடன் கொடுக்கும் முடிவில் அவருக்கு ஓட்டு இல்லை. முடிவு செய்பவர் பணத்தைத் தொடமாட்டார், பணத்தைத் தொடுபவர் முடிவு செய்யமாட்டார். இவர்கள் இருவரையும் மேற்பார்வை பார்க்க உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த தனிக் குழு ஒன்று.

நான்கு, லாபத்தைப் பிரித்துக்கொள்ளக் கூடாது, பொது நிதியில் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் மனிதர்களை நம்பாதவரா? இல்லவே இல்லை. சொத்தில்லாதவனின் சொல்லை நம்பியே கடன் கொடுக்கலாம் என்று நிரூபித்த மனிதர் அவர். அவ்வளவு நம்பியவர்தான் பெட்டிச் சாவியை ஓரிடத்திலும் பேனாவை ஓரிடத்திலும் வைத்தார். அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் கையெழுத்து கேட்பது சந்தேகம் ஆகாது, அந்த உறவு கெடாமல் இருக்கத்தான் கையெழுத்து. என் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதை அவர் எப்போதோ சட்டதிட்டமாக எழுதிவிட்டார்.

இருட்டில் எழுதிய புத்தகம்

இத்தனையும் செய்த மனிதரின் வீட்டைப் பாருங்கள். 1863 இல் மனைவி எமிலி காலமானார். கண் மேலும் மேலும் மங்கியது, உடல்நிலையும் கெட்டது. 1865 இல், 47 வயதில், மேயர் பதவியிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியமோ சொற்பம். வீட்டில் பிள்ளைகள். சுருட்டுத் தொழிற்சாலை நடத்திப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு ஒயின் வியாபாரம். இன்டர்வியூவில் தோற்றுவிட்டு ஹாஸ்டலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பதவி போன மறு வருடம், 1866 இல், கடன் சங்கங்கள் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்தது. சங்கம் தொடங்குவது எப்படி, கணக்கு எழுதுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம். அவர் உயிரோடு இருக்கும்போதே பல பதிப்பு கண்டது. தானாக எழுத முடியாத நிலையில், அவர் சொல்லச் சொல்ல எழுதியது மூத்த மகள் அமாலி. கடிதங்களும் கணக்குகளும் அவள் கண் வழியாகத்தான் அவருக்குப் போயின. சோதனை வேலை பார்த்து, கண் போனதால் அதை இழந்த மனிதர், ஊர் முழுக்கச் சோதிக்கும் கண்களை உண்டாக்கினார்.

சங்கங்கள் பெருகின. ஒரு ஊரில் மிஞ்சிய பணத்தை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக மத்திய வங்கி வேண்டியிருந்தது. 1872 இல் தொடங்கி, 1876 இல் புது அமைப்புக்கு மாற்றினார். நகரத்துக் கைவினைஞர்களுக்குக் கடன் சங்கம் கண்ட ஷுல்ட்சே-டெலிட்ஷ் என்பவர் இவருடைய முறையைக் கடுமையாக எதிர்த்தார். கொஞ்ச நாளில் திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டை வாங்கி வருடக் கணக்கில் கடன் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான், இன்றைய வங்கி ஆடிட்டரும் அதையே கேட்பார். 1877 இல் சங்கங்களுக்கு ஆலோசனையும் கண்காணிப்பும் தரும் கூட்டமைப்பு ஒன்றை ரைஃபைசன் நிறுவினார். 1888 மார்ச் 11 அன்று, 70 வயது நிறைய சில நாட்களே இருக்கையில், ஹெடஸ்டோர்ஃபில் காலமானார். அடுத்த வருடமே, 1889 இல், ஜெர்மனியில் வந்த கூட்டுறவுச் சட்டம், ஒவ்வொரு சங்கத்தையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியாள் தணிக்கை செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

பற்று வரவு இரண்டையும் எழுத வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அக்காலத்தில் யூத வியாபாரிகள் மேல் பலருக்கும் இருந்த துவேஷம் அவர் எழுத்திலும் உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வட்டிக்கொடுமையை எதிர்ப்பது வேறு, ஒரு இனத்தையே பழிப்பது வேறு. பெரிய மனிதர் என்பதற்காக அந்தப் பக்கத்தை மடித்து வைத்தால் நான் எப்படி ஆடிட்டர் ஆவது?

நம்ம ஊருக்கு வந்த கதை

1892 இல் சென்னை அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, விவசாயக் கடன் ஐரோப்பாவில் எப்படி நடக்கிறது என்று ஆராய நியமித்தது. 1895 லும் 1897 லும் இரண்டு தொகுதியாக அறிக்கை தந்தார். அத்தனை பக்கத்தின் சாரமும் ஒன்றுதான், இங்கேயும் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பது. 1904 இல் இந்தியாவுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கத்தில் திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு தடவையாவது தணிக்கை கட்டாயம் என்பதும் நம் சட்டத்தில் சேர்ந்தது. தஞ்சாவூரில் கூட்டுறவு நகர வங்கி ஒன்றுக்கு நிக்கல்சன் பெயர். நெதர்லாந்தின் ராபோபேங்க் என்ற பெயரில் முதல் எழுத்துகள் ரைஃபைசன் பெயரிலிருந்து வந்தவை.

இன்றைக்கு நான் விண்ணப்பிக்கப் போகும் மைக்ரோ ஃபைனான்ஸில் குழுவே ஒருவருக்கொருவர் பொறுப்பு. அதைப் பார்த்தால் ரைஃபைசன் முறை மாதிரியே இருக்கிறது. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவர் சங்கம் உறுப்பினர்களுடையது. பெட்டியில் பணம் குறைந்தால் அத்தனை பேர் சொத்தும் போகும், அதனால் ஊரே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனியோ வேறு யாருடையதோ. பொறுப்பு மட்டும் அம்மாக்கள் தலையில், பெட்டியைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்கள் கையில் இருப்பது லோன் கார்டு ஒன்றுதான். அந்த ஊர்க் கண் இல்லாத இடத்தில் ஊருக்குப் பதிலாகப் போய் நிற்க வேண்டியவர்தான் இன்டர்னல் ஆடிட்டர்.

இப்படிப் பார்த்த பிறகு என் தயாரிப்பே மாறிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் காலையில் பிராஞ்சுக்குப் போய் நோட்டு வாரியாக ரொக்கத்தை எண்ணிக் கேஷ் புக்கோடு ஒத்துப் பார்ப்பது, பெட்டிச் சாவி இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் முதல் பாடம். அதோடு முடிந்துவிடாது. கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கடன் முழுசாகக் கைக்கு வந்ததா, இவர் பெயரில் வேறு யாராவது வாங்கிக்கொண்டார்களா, மீட்டிங் உண்மையிலேயே நடந்ததா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2022 இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தருவதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை அந்தக் குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அந்த வருமானத்தை ஃபாரத்தில் எழுதினார்களா, விசாரித்து எழுதினார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டுக்குக் கடன் என்றால் கொட்டகையில் மாடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும்!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பீரோவைத் திறந்து அந்தக் கார்டை எடுத்துப் பாருங்கள். கட்டிய தவணைக்கெல்லாம் கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லை என்றால் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு டிப்ளமோகூட வேண்டாம்.

என் விண்ணப்பத்தில் இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். மூன்று வரிதான் இடம். ரைஃபைசனைப் பற்றி எழுத அது போதாது. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, திட்டாமல், சிரிக்காமல், அம்மா சொன்னதை எழுதிக்கொண்டு போனாரே, அவரைப் பற்றி எழுதப் போகிறேன். வேலை கிடைத்தால் அடுத்த மலருக்கு முன்னாள் மாணவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிடைக்காவிட்டால்? சுருட்டு போய் ஒயின் வந்த மாதிரி இன்னொரு விண்ணப்பம் போடுவேன்.



இறுதியாண்டு மாணவன்,
கமர்ஷியல் பிராக்டிஸ் பிரிவு